எஞ்சினைப் பிரித்தவர்கள்

ஜி.டி. நாயுடுவை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1893-ல் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அதை வாங்கியே தீர்வது என்று கோயம்புத்தூருக்கு வந்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் காசு சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் செய்த முக்கியமான காரியம், அதை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டது. பிறகு தானாகவே மறுபடி பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கினார். 1937-ல் அவருடைய முயற்சியில் மின்மோட்டார் தயாரானது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தப் பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்தான்.

இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இப்போது நான் ஏன் எடுக்கிறேன் என்றால், என் அக்காள் மகன் சார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறான். அவன் இந்த வருஷம் நாலு மாதமாக ஒரு கார் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாதாரண எஞ்சின் இல்லை. பிஸ்டனே இல்லாத எஞ்சின். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்ற காரில் இருப்பது. மெக்கானிக் வேலை படித்தவன் இல்லை அவன். வெள்ளிக்கிழமை தோறும் போனில் வருவான். "மாமா, இது ஏன் இப்படி இருக்கு?" என்பான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன். நான்கு வீச்சு எஞ்சின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் இந்த எஞ்சின் எங்கள் பாடப் புத்தகத்திலேயே கிடையாது. அவனுக்காகத் தேடிப் படித்ததில் ஒரு நல்ல சரித்திரம் கிடைத்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் படகு எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அந்தப் போக்கை வளைந்த தண்டு ஒன்று சுற்றாக மாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டன் ஒரு முனைக்குப் போய், நின்று, திரும்பி வர வேண்டும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தித் திருப்பினால் ஆட்டமும் அதிர்ச்சியும் இருக்கத்தானே செய்யும்? சுழல் எஞ்சினில் இது இல்லை. இரண்டு பருப்புள்ள வேர்க்கடலைத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அந்த வடிவத்தில் ஒரு கூடு. உள்ளே மூன்று பக்கமும் புடைத்த முக்கோணம், ஏறக்குறைய ஒரு சமோசா. அதுதான் ரோட்டர். அது சுற்றும்போது மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டபடியே போகும். சுவருக்கும் ரோட்டருக்கும் நடுவே மூன்று அறைகள். ஒவ்வொரு அறையும் சுற்றிக்கொண்டே பெருத்தும் சிறுத்தும் போகிறது. ஓர் இடத்தில் பெட்ரோல் கலந்த காற்றை இழுக்கும், அடுத்த இடத்தில் அமுக்கும், அடுத்து வெடிக்கும், அடுத்து புகையைத் தள்ளும். வால்வு கிடையாது, வால்வைத் தூக்கும் தண்டு கிடையாது. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் நடுவில் உள்ள தண்டு மூன்று சுற்று சுற்றும். இரண்டு ரோட்டர் எஞ்சினில் அசையும் பெரிய உறுப்புகள் மொத்தமே மூன்று: இரண்டு ரோட்டர், ஒரு தண்டு.

கேட்கும்போது இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, பிறகு ஏன் உலகத்துக் கார் எல்லாம் இந்த எஞ்சினில் ஓடவில்லை? அந்த மூன்று முனைகளில்தான் விவகாரம் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். 1902-ல் லார் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வனத்துறைக்காரர், முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். மேல்படிப்புக்குக் காசில்லை. ஹைடெல்பர்க்கில் புத்தகம் போடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். 1924-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை போட்டார். எஞ்சினியரிங் பட்டம் இல்லை. கடுமையான கிட்டப்பார்வை. கார் எஞ்சினுக்காக உலகம் கொண்டாடிய அந்த மனிதரிடம் கடைசிவரை டிரைவிங் லைசென்சே இருந்ததில்லை. முதல் காப்புரிமையை 1929-ல் வாங்கினார்.

அவருடைய அரசியல் நமக்கு ஏற்புடையது அல்ல. இளவயதிலேயே நாஜிக்களோடு சேர்ந்தார். அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டு 1933-ல் சில மாதம் சிறையிலும் இருந்தார். பிறகு அவர்களுக்கே விமான எஞ்சின் வேலை செய்தார். போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய பட்டறையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். கெட்டிக்காரத்தனமும் நல்ல புத்தியும் ஒரே தலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லையே. ஆனால் நம் கதைக்கு ஒன்று முக்கியம். அந்த வருஷங்களில் அவர் மண்டையை உடைத்துக்கொண்டது எஞ்சினின் சக்தியைப் பற்றி அல்ல. காற்றுக் கசியாமல் அடைப்பது எப்படி என்பதைப் பற்றித்தான். சுற்றும் பொருளுக்கும் நிற்கும் பொருளுக்கும் இடையே உள்ள சந்தை அடைப்பதில் அவர் மன்னன்.

1951 முதல் நெக்கர்சுல்ம் ஊரில் இருந்த என்.எஸ்.யூ. என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்தார். 1957 பிப்ரவரி 1-ந் தேதி அவருடைய எஞ்சின் முதல் முறையாக ஓடியது. அதில் ரோட்டரும் சுற்றும், வெளிக்கூடும் சுற்றும். ஓட்டம் அற்புதம். ஆனால் ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும்! அதே கம்பெனியில் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற எஞ்சினியர் கூட்டை நிறுத்திவிட்டு ரோட்டரை மட்டும் சுற்றவிட்டார். இன்றைக்கு நாம் பார்ப்பது அந்த அமைப்புதான். வாங்கெலுக்குக் கோபமான கோபம். தன் பந்தயக் குதிரையை ஏர் உழும் குதிரையாக்கிவிட்டதாகச் சொன்னார். எனக்குப் பாஷ்கே செய்ததுதான் சரி என்று படுகிறது. பிளக்கைக் கழற்ற முடியாத எஞ்சினை யார் வாங்குவார்கள்?

1967-ல் ஆர்ஓ 80 என்ற பெரிய காரை என்.எஸ்.யூ. கொண்டுவந்தது. இரண்டு ரோட்டர், 115 குதிரைச் சக்தி. பார்க்க இருபது வருஷம் முந்திப் பிறந்த கார் மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசும் வாங்கியது. பிறகு தொடங்கியது வினை. முப்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் எஞ்சின்கள் சாகத் தொடங்கின. முனைகளில் இருந்த சீல் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விடும். கம்பெனி நியாயமாக நடந்துகொண்டது: கேள்வி கேட்காமல் புது எஞ்சின் மாட்டிக் கொடுத்தது. ஒரு ஆர்ஓ 80 காரன் எதிரே இன்னொருவனைப் பார்த்தால், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினேன் என்று விரல்களைக் காட்டுவானாம். சிரிப்பாக இருந்தாலும் அந்த விரல்கள் ஒரு கம்பெனியைத் தின்றுவிட்டன. 1969-ல் என்.எஸ்.யூ. வோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் கரைந்தது. 1977-ல் ஆர்ஓ 80 நின்றபோது மொத்தம் ஏறக்குறைய 37,000 கார்தான் செய்திருந்தார்கள்.

பிரான்சில் சிட்ரோயன் கம்பெனி செய்தது இன்னும் விசித்திரம். 1973-ல் தொடங்கி சுழல் எஞ்சின் வைத்து 847 கார்கள் செய்தது. பிறகு அவற்றுக்கு உதிரி பாகம் கொடுக்கும் பாரமே வேண்டாம் என்று, விற்ற கார்களைத் திரும்ப வாங்கி உடைத்துப் போட முயன்றது. சிலர் விற்க மறுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஏன் அந்தச் சீல் அவ்வளவு தொல்லை கொடுத்தது? பிஸ்டனில் இருக்கும் ரிங் எண்ணெயில் குளித்துக்கொண்டே, ஒரே நேர்க்கோட்டில் போய் வரும். இந்த முனைச் சீலோ ஏறக்குறைய உலர்ந்த சுவரை நொடிக்கு முப்பது மீட்டர் வேகத்தில்கூட உரசிக்கொண்டு ஓடும். சாய்மானமும் மாறிக்கொண்டே இருக்கும், ஒருமுறை முன்னால் சாயும், அடுத்து பின்னால் சாயும். போதாததற்குக் கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் வெடிப்பு, மறுபக்கத்தில் எப்போதும் குளிர்ந்த காற்று. ஒரு பக்கம் அடுப்பும் ஒரு பக்கம் தண்ணீர்ப் பானையுமாக இருக்கும் சுவர் நெளியாமல் என்ன செய்யும்?

இனி ஹிரோஷிமா. அணுகுண்டு விழுந்த அதே ஊர். அங்கே டோயோ கோக்யோ என்ற கம்பெனி 1920-ல் தக்கை செய்யும் தொழிலாகத் தொடங்கி, பிறகு மூன்று சக்கர வண்டியும் காரும் செய்தது. மாஸ்டா அதன் வண்டிப் பெயர். 1960-களில் ஜப்பான் அரசு சின்னச் சின்னக் கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு சேர்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தனக்கென்று ஒரு தனிச் சரக்கு இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று தலைவர் ட்ஸுனெஜி மட்சுடாவுக்குத் தெரிந்தது. ஜெர்மனிக்குப் போய் 1961-ல் உரிமம் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கி வந்த எஞ்சினை ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தால், கூட்டின் உள்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல். பிசாசு நகத்தால் பிறாண்டியது போல என்று அதற்கு அவர்களே பெயர் வைத்தார்கள்.

1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 எஞ்சினியர்களைத் தனியாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு உலோகமாக, ஒவ்வொரு கலவையாகச் சீல் செய்து மாட்டி, ஓட்டி, பிரித்துப் பார்த்தார்கள். மாட்டு எலும்பில்கூடச் செய்து பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கடைசியில் புரிந்தது: குற்றவாளி தேய்மானம் அல்ல, நடுக்கம். சுவரில் உரசும்போது சீல் வீணைத் தந்தி போலத் தன் சொந்தக் கதியில் அதிர்கிறது. சீலுக்குள் சின்னத் துளைகள் போட்டு அதன் கதியை மாற்றினார்கள், கீறல் நின்றது. பிறகு கரியும் அலுமினியமும் கலந்த சீலைக் கண்டுபிடித்தார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

அதோடு சுபம் போட்டுவிடலாமா? 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின. பெட்ரோல் விலை எகிறியது. இந்த எஞ்சின் பெட்ரோலை மடக்கு மடக்காகக் குடிக்கும். விற்காத கார்கள் மைதானம் மைதானமாக நின்றன. சுமிட்டோமோ வங்கி வந்து கைதூக்கிவிட்டது. ஆலையில் ஸ்பேனர் பிடித்த தொழிலாளர்களை வீடு வீடாகப் போய்க் கார் விற்கச் சொன்னார்கள். போனார்கள். ஒரு ஊரே அந்தக் கம்பெனியை நம்பி இருந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் இந்த எஞ்சினைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்தது. 1991 ஜூனில் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நாலு ரோட்டர் வைத்த மாஸ்டா முதலிடம் வந்தது. அந்தப் பந்தயத்தை ஒரு ஜப்பானியக் கார் வென்றது அதுதான் முதல் முறை. பந்தயம் முடிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 4,900 கிலோமீட்டர் முழு வேகத்தில் ஓடிய எஞ்சினில் தேய்மானம் மிகக் கொஞ்சம்.

நம் நாட்டிலும் இது ஓடியிருக்கிறது, காரில் அல்ல, ஆளில்லா விமானத்தில். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகமும், அகமத்நகரில் உள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிலையமும், ஏ.டி.இ. என்ற விமான ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 55 குதிரைச் சக்தி வாங்கெல் எஞ்சினை உருவாக்கின. 2009 மார்ச்சில் கோலாரில் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில் அதை மாட்டிப் பறக்கவிட்டார்கள். கனம் குறைவு, அதிர்ச்சி குறைவு. வானத்துக்கு இந்த எஞ்சின் பொருத்தம்தான்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு நம் கரையின் ஞாபகம்தான் வந்தது. எந்த எஞ்சினைச் சாதாரண மனிதன் தன் வாசலில் பிரித்துப் பூட்ட முடிகிறதோ அந்த எஞ்சின்தான் ஊரில் தங்கும் என்பது என் கட்சி. நம் கட்டுமரத்துக்குப் பாயும் துடுப்பும் போதும் என்றிருந்த காலம் உங்களுக்குத் தெரியும். 1979-ல் தொடங்கி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் இருந்துகொண்டு, அலைக்குள் இறங்கிக் கரையேறும் படகுகளை நம் கிழக்குக் கரையில் சோதித்துப் பார்த்தது. அவற்றில் டீசல் எஞ்சினைச் சாய்த்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். மணல் தட்டும் கரையில் அது இல்லாமல் முடியாது. பிறகு நம்மிடம் பரவியது நீளத் தண்டு வைத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் போட்டும் எஞ்சினும் கரை முழுக்க வந்து இறங்கின. நேற்றுவரை துடுப்புப் போட்டவன் கையில் திடீரென்று எஞ்சின்.

முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெளியே அலை, உள்ளே நீரோட்டம், இரண்டுக்கும் நடுவில் மணல் மேடு. படகு குறுக்கே திரும்பினால் கவிழ்ந்ததுதான். உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தாலும், எஞ்சின் ரிப்பேரில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாது, வட்டி மட்டும் எரியும்.

நம் குப்பத்தில் எஞ்சின் கொட்டகை வைத்திருந்தவரை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். பொன்னேரிப் பக்கம் வயலில் பம்புசெட் பார்த்துக்கொண்டிருந்தவர். கடல் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. முதல் எஞ்சினைப் பிரித்தபோது பழைய பாய்த்துணியை மணலில் விரித்தார், ஒரு மணல் துகள் ஏறக்கூடாது என்று. கழற்றின ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தார். நட்டோடு வாஷரையும் சேர்த்து வைத்தார். பூட்டும்போது வலமிருந்து இடமாக வந்தார். ஒரு பிள்ளை அந்தத் துணியைத் தாண்டினால் போச்சு, சத்தம் லைட்ஹவுஸ் வரைக்கும் கேட்கும். தண்ணீரில் விழுந்த எஞ்சினை முதலில் நல்ல தண்ணீரில் கழுவு, அப்புறம் டீசலில் கழுவு, அப்புறம்தான் அழு என்பார். என் மருமகனுக்குப் பதின்மூன்று வயது அப்போது. பள்ளிக்கூடம் விட்டால் கொட்டகையில்தான் கிடப்பான். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் கை துடைக்கத் துணி கொடுப்பதும்தான் வேலை. எஞ்சினைத் தொட விட்டதில்லை மேஸ்திரி. எஞ்சின் விஷயத்தில் அவனுக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான்.

சார்ஜாவில் அந்தக் காரை வைத்திருந்தவர் எண்ணெய் பார்க்காமலேயே ஓட்டியிருக்கிறார். இந்த எஞ்சின் முனைச் சீலை நனைப்பதற்காகவே கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும். அது குறை அல்ல, அமைப்பே அப்படி. மேலே ஊற்றாவிட்டால் சீல் காய்ந்துபோகும். காலையில் ஸ்டார்ட் ஆகும். சூட்டோடு நிறுத்தினால் திரும்ப எடுக்காது. கம்ப்ரஷன் போன சுழல் எஞ்சினுக்கு அதுதான் அடையாளம். ஓடாத காரை என்ன செய்வது என்று மருமகனிடம் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டார்.

எஞ்சினை வெளியே எடுக்கவே மூன்று வெள்ளிக்கிழமை ஆனது. பிறகு ஃப்ளைவீல் நட்டு. 54 மில்லிமீட்டர் நட்டு அது, நம் கை மணிக்கட்டு அகலம். ரிஞ்சில் ஆறடிப் பைப்பைச் செருகி இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை. நெருப்புக் காட்டிச் சூடேற்றிய பிறகுதான் அசைந்தது. அதைத் தாண்டிவிட்டால் மற்றது அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, நடு இரும்பு, இன்னொரு கூடு, பின் இரும்பு; எல்லாவற்றையும் ஊடுருவிப் பிடிக்கும் நீளப் போல்ட்டுகள். கழற்றிக் கழற்றி மேலிருந்து எடுத்தான். தரையில் பழைய பெட்ஷீட். இடமிருந்து வலம். ஒவ்வொரு சீலையும் எந்த ரோட்டரில், எந்தப் பக்கம், எந்த முனை என்று எழுதித் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டிருந்தான். போனில் அதைக் காட்டியபோது நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ரோட்டருக்கு முனைச் சீல் 3, மூலைச் சீல் 6, பக்கவாட்டுச் சீல் 6. ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்பிரிங். இரண்டு ரோட்டருக்கு 30 சீல். முனைச் சீல் இரண்டு உடைந்திருந்தது. உடைந்த துண்டு ஒரு கூட்டின் உள்பூச்சைக் கீறியிருந்தது. அந்தக் கூட்டை மாற்றியே ஆக வேண்டும். செலவில் பாதி அதற்கே போயிற்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு மாதம் வீட்டுக்குக் குறைத்து அனுப்பி வாங்கினான். என் அக்காவுக்கு அதில் வருத்தம்தான். "காருக்கு என்ன மொய்யா எழுதுறான்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

மிகவும் நேரம் தின்றது பக்கவாட்டுச் சீல். புதுச் சீல் கொஞ்சம் நீளமாக வரும். அதை அரத்தில் ராவி, மூலைச் சீலுக்கும் அதற்கும் நடுவே தலைமுடி தடிமன் இடைவெளி இருக்கும்படி செய்ய வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதிகம் ராவினால் கசியும், குறைவாக ராவினால் சூட்டில் இறுகிச் சிக்கும். ஃபீலர் கேஜை வைத்து அளப்பதும், இரண்டு இழுப்பு ராவுவதும், மறுபடி அளப்பதுமாக 12 சீலுக்கு ஒரு மாதம். பூட்டும்போது ஸ்பிரிங்கும் சீலும் எகிறிக் கொட்டாமல் இருக்க வாசலின் தடவி ஒட்டவைப்பது வழக்கமாம். தண்ணீர் கசியாமல் இருக்கும் ரப்பர் வளையத்தையும் அப்படியே. வீட்டில் உதட்டுக்குத் தடவும் அதே வாசலின். யமமோட்டோவின் 47 பேர் கண்டுபிடித்த சீலை அது பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. எல்லாம் அடுக்கி முடித்துத் தண்டைக் கையால் சுற்றினால் ஓர் இடத்தில் இறுகுகிறதாம். அவனிடம் விடுமுறை தீர்ந்திருந்தது, பணம் தீர்ந்திருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்தான். ஒரு பக்கவாட்டுச் சீல், 12-ல் ஒன்று, இடைவெளியே இல்லாமல் இருந்தது. அளந்த குறிப்பில் அந்த ஒன்றுக்கு எதிரே மட்டும் எண் எழுதாமல் விட்டிருந்தான்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்று போனைக் காரின் பின்னால் பிடித்தான். வாசலினும் எண்ணெயும் எரிந்து வெள்ளைப் புகை. பக்கத்துக் கட்டடம் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் அடங்கியது. சத்தம் நம் டீசல் எஞ்சின் மாதிரி டப்டப் என்று இல்லை, ஆட்டுக்கல்லில் மாவு வழவழவென்று ஓடும்போது வருமே, அப்படி ஒரு தொடர்ச்சி. இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய 7 கிலோவுக்குக் கீழே கம்ப்ரஷன் போகக்கூடாது என்பது கணக்கு. ரோட்டருக்கு மூன்று முகம் என்பதால் மூன்று அளவு பார்க்க வேண்டும். ஆறு முகத்திலும் 8-க்கு மேல் காட்டியது. சூட்டோடு நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பிக் காட்டினான். எடுத்தது.

மேஸ்திரிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கொட்டகையை வேறு ஆள் பார்க்கிறார். நான் போய் அந்தச் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டினேன். காதோரம் வைத்துக் கேட்டார். "வால்வு சத்தமே வரலியே" என்றார். வால்வே கிடையாது என்றேன். நம்பவில்லை. பையன் ஊருக்கு வந்தால் அந்தச் சமோசாவை ஒருதரம் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லு என்றார். பழைய கூட்டையும் உடைந்த சீலையும் மருமகன் எறியாமல் வைத்திருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது சீலையாவது எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.